நெத்திலி என்று நினைத்து ஏமாறாதீர்கள்

கருவாட்டுக்கு மீன் எடுக்கப் புதிதாக வரும் பிள்ளைகள், பக்கவாட்டில் வெள்ளிக் கோடு தெரிந்ததுமே நெத்திலி என்று நம்பி விலை பேசி விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவர்கள் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீளத்தை நம்புவது

சாளை, அதாவது மத்தி, அதன் குஞ்சும் நெத்திலி போலவே விரல் நீளம்தான்.

வாயைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது. ஒருமுறை ஏலத்தில் மூன்று பெட்டி எடுத்தேன். மேலே அத்தனையும் கண்ணாடி போன்ற நெத்திலி. அடியில் கைவிட்டுப் புரட்டவில்லை. நெத்திலியும் சாளையும் கரையோரம் கூட்டமாகத் திரிகிற மீன், ஒரே வலையில் சேர்ந்து வரும் என்பது தெரிந்தும் புரட்டவில்லை. உப்புப் போட்டுக் காயவைத்த மூன்றாம் நாள், இடையிடையே சில மீன்களின் வயிறு வெடித்து மஞ்சளாக எண்ணெய் கசிந்தது. அத்தனையும் சாளை. நெத்திலியில் கொழுப்பு குறைவு, மொறுமொறுவென்று காயும். சாளை எண்ணெய் மீன், வெயில் பட்டால் காறிவிடும். அந்த எண்ணெய் பட்டு நல்ல நெத்திலியும் வாடையடித்தது. வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு மொத்தத்தையும் திருப்பி விட்டார்.

வாயைத் திறந்து பார்த்திருந்தால் போதும். நெத்திலிக்கு மூக்கு முன்னே துருத்தி நிற்கும், வாய் அதற்குக் கீழே இருக்கும். விரலால் திறந்தால் கண்ணையும் தாண்டிப் பின்னே கிழியும். சாளைக்கு வாய் சிறியது, முகத்தின் நுனியிலேயே இருக்கும், கண்ணைத் தாண்டாது. பெட்டியின் அடியிலிருந்து பத்து மீனாவது எடுத்துப் பாருங்கள்.

வெள்ளிக் கோடு போதும் என்பது

கோடுள்ள வேறு பொடிமீனும் உண்டு. முதுகில் இரண்டு துடுப்பு இருந்தால் அது நெத்திலி இல்லை.

பெயரில் குழம்புவது

இலங்கையில் நெத்தலி, கேரளத்தில் நத்தோலி, கொழுவா. எல்லாம் நெத்திலிதான்.

பொருவாக் குஞ்சைக் கவனிக்காதது

பொருவாவும் நெத்திலிக் குடும்பம்தான், அதன் வாயும் அப்படியே கிழியும். இங்கே வாயை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நெத்திலி உருண்டு நீண்டிருக்கும், பொருவா பட்டையாக, வயிறு இறங்கி இருக்கும். சந்தேகம் இருந்தால் அடிவயிற்றை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவுங்கள். பொருவாவில் வயிறு நெடுக ரம்பம் போல உரசும், சாளையிலும் உரசும். நெத்திலியில் பின்வயிறு வழவழவென்று இருக்கும், மார்புத் துடுப்புக்கும் வயிற்றுத் துடுப்புக்கும் நடுவில் மட்டும் சில முட்கள் தட்டுப்படும். ஐஸில் அளைந்து விரல் மரத்துப்போயிருந்தால் அந்தச் சிறு முள் தெரியாது. கையைத் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு தடவுங்கள்.