அபரிக்கிரகம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் ஐந்து யமங்களில், அதாவது ஒழுக்கக் கட்டுப்பாடுகளில், கடைசியாக வருவது அபரிக்கிரகம். தேவைக்கு மேல் சேர்க்காமலும், இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளாமலும் இருப்பது. பழகத் தொடங்குபவர்கள் முதலில் கை வைப்பது துணி அலமாரியில்தான். ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். ஆடித் தள்ளுபடி வந்தால் அலமாரி பழையபடி நிரம்பிவிடும்.

சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் உள்ள உரை வேறு வழி காட்டுகிறது. ஒரு பொருளை ஈட்டுவது, காப்பது, அது அழிவது, அதன்மேல் பற்று வளர்வது, அதனால் பிற உயிருக்கு நேரும் துன்பம் ஆகிய ஐந்து குறைகளையும் பார்த்தபின் 'வேண்டாம்' என்று ஏற்காமல் இருப்பதே அபரிக்கிரகம் என்கிறது. பார்ப்பது முதலில், விடுவது அப்புறம். ஒரு பட்டுப்புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கத் தவணை கட்ட வேண்டும். இற்றுப்போகாமல் மடிப்பை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அப்படியும் ஜரிகை கறுக்கும். தங்கை ஒரு கல்யாணத்துக்குக் கேட்டால் கொடுக்க மனம் வராது. நூல் எடுக்கக் கொதிநீரில் போன புழுக்கள் தனிக் கணக்கு. இவ்வளவையும் யோசித்த பிறகும் வாங்கினால், சரி, தெரிந்தே வாங்குகிறீர்கள்.

இல்லறத்தில் இருந்துகொண்டு துறவியைப் போல நடப்பது இன்னொரு தவறு. சமணம் இதில் தெளிவாக இருக்கிறது. துறவிக்கு முழுமையான மகாவிரதம். இல்லறத்தாருக்கு அணுவிரதம், அதாவது நிலம், பொன், பணம் இவ்வளவு போதும் என்று தானே ஒரு வரம்பு கட்டிக்கொள்வது. சம்பளத்தைத் தானம் செய்துவிட்டுப் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு அலைவதை யாரும் விரதம் என்று சொல்லவில்லை.

கிழிந்த சட்டையைக் கொடுத்துவிட்டு மனம் நிறைந்துபோகும் தவறும் உண்டு. திருமூலர் இயமத்தில், அதாவது யமத்தில், நிற்பவனைப் 'பகுந்துண்பான்' என்கிறார். தானும் உண்பதைத்தான் பகிர்கிறான், மிச்சத்தை அல்ல.

யோகா வகுப்பிலேயே பாருங்கள். முதல் வரிசையில் 'நம்ம இடத்தில்' வேறொருவர் பாய் விரித்தால் முகம் சுருங்குகிறது. கழுத்து வலித்தாலும் சிரசாசனத்தை விட மனமில்லை. இவையும் சேர்த்து வைத்தவைதான்.

அப்புறம், அடுத்தவர் பொருளைக் காலி செய்யாதீர்கள். மாமியாரின் பித்தளை அண்டாவை அவரைக் கேட்காமல் பழைய பாத்திரக் கடையில் போட்டால், ஐந்தாவது யமத்தைப் பழகப் போய் மூன்றாவதான அஸ்தேயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அஸ்தேயம் என்றால் திருடாமை.