டைமிங் பெல்ட் மாற்ற யாரிடம் கொடுப்பது? பழைய கார்க்காரர்கள் செய்யும் தவறுகள்

"பெல்ட் மாத்தியாச்சு சார், பில்லே இருக்கு" என்று சொல்லித்தான் அந்த ஃபிகோ டீசலை எனக்கு விற்றார்கள். பில்லும் இருந்தது. "பெல்ட் 1, லேபர்" என்று இரண்டே வரி. நானும் நம்பி மடித்து டேஷ்போர்டு பெட்டியில் வைத்தேன். ஆறு மாதம் கழித்து வேறு வேலைக்காக பானெட்டைத் திறந்த மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "இது ஆல்டர்னேட்டர் பெல்ட்டுக்குப் போட்ட பில்லு சார். டைமிங் பெல்ட் எப்போ மாத்துனீங்க?" என்று கேட்டார். கவரைக் கழற்றினால், கம்பெனி முத்திரையோடு வந்த பழைய பெல்ட் அப்படியே இருக்கிறது. முதுகில் மெல்லிய வெடிப்புகள்.

வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டைமிங் பெல்ட்டின் தொல்லையே அதுதான். பிரேக் தேய்ந்தால் சத்தம் போடும், கிளட்ச் போனால் காலுக்குத் தெரியும். இது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும். பிஸ்டன்களோடு இணைந்த தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது பற்கள் வைத்த இந்த ரப்பர் பட்டைதான். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே இடமே இருக்காது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும், வால்வு வளையும், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டும். பல பெட்ரோல் எஞ்சின்களிலும் இதே கதைதான்.

யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன்பே ஒரு தவறு நடக்கிறது: தன் வண்டியில் இருப்பது ரப்பர் பெல்ட்டா, அதே வேலையைச் செய்யும் இரும்புச் செயினா என்று தெரியாமலே விலை கேட்கப் போவது. பேர் ஒன்று, எஞ்சின் வேறு. ஐ10-இல் 1.1 லிட்டருக்குப் பெல்ட், 1.2 கப்பாவுக்குச் செயின். 2005-இல் வந்த ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோலில் பெல்ட். 2010-இல் அதே ஸ்விஃப்ட்டுக்கு வந்த 1.2-இல் செயின். பழைய இன்னோவா 2.5 டீசலுக்குப் பெல்ட், கிரிஸ்டா 2.4-க்குச் செயின். ஓனர் மேனுவலைப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் என்று இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. "வண்டி ஓடவே இல்லையே, 40,000 கி.மீ.தான்" என்று பத்து வருடப் பெல்ட்டோடு சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். ரப்பருக்கு வயதும் உண்டு.

அப்புறம், ஆள் விஷயம். நம்மில் பெரும்பாலோர் செய்வது, பதினைந்து வருடமாகப் பழகிய மெக்கானிக்கிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது. பழகிய மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். மாருதி 800, பழைய ஆல்டோ, சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கு அவரை விட நல்ல ஆள் கிடையாது, நூற்றுக்கணக்கில் செய்திருப்பார். கேம் புல்லியில், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தில், ஒரு குறி, கிராங்க்கில் ஒரு குறி, இரண்டையும் நேராக நிறுத்திப் பெல்ட்டை மாட்டினால் வேலை ஒழுங்காகிவிடும். பழைய இன்னோவாவிலும் பெல்ட் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

ஃபிகோ டீசல், டஸ்டர் டீசல், ஸ்கோடா 1.9 டிடிஐ இவையெல்லாம் வேறு ரகம். இவற்றில் கேமையும் கிராங்க்கையும் அசையாமல் பூட்டி வைக்க அதற்கென்றே டைமிங் பின் என்ற கம்பிகளும் லாக்கும் இருக்கின்றன. சிலவற்றில் புல்லியே போல்ட்டைச் சுற்றிச் சற்று நகரும்படி அமைத்திருப்பார்கள். அங்கே வொயிட்னரால் கோடு போட்டு, பழைய கோட்டுக்கு நேராகப் புதிய பெல்ட்டை மாட்டினால் ஒரு பல் தள்ளிப்போக வாய்ப்பு உண்டு. ஒரு பல் தள்ளினாலும் சில வண்டிகள் ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஆனால் இழுவை குறையும், புகை வரும், நாம் இன்ஜெக்டரைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். எங்கள் குடும்ப மெக்கானிக்கிடம் நான் கேட்டபோது "மார்க் போட்டு மாத்திடலாம்ணே, ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். "இந்த எஞ்சின்ல கடைசியா எப்போ பண்ணீங்கண்ணே?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுல பண்ணல, ஆனா எல்லாம் ஒண்ணுதானே" என்றார். நேர்மையான மனிதர். வேலையை அவரிடம் கொடுக்கவில்லை. பிரேக்கும் கிளட்ச்சும் இன்றைக்கும் அவர்தான் பார்க்கிறார், கோபித்துக்கொள்ளவும் இல்லை.

ஆக, கேட்க வேண்டியது "எவ்வளவு ஆகும்?" இல்லை. இந்த எஞ்சினில் எத்தனை செய்திருக்கிறீர்கள், லாக்கிங் டூல் உங்களிடம் இருக்கிறதா. டூலை எடுத்துக் காட்டச் சொன்னால் செய்பவர் பெருமையாகவே காட்டுவார்.

இதற்கு நேரெதிரான தவறு, கம்பெனி சர்வீஸ் என்றால் பத்திரம் என்று நினைப்பது. டூல், மேனுவல், பில், வேலைக்கு வாரண்டி எல்லாம் அங்கே இருக்கும், உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வருட வண்டியை அங்கே யார் தொடப்போகிறார் என்று கேளுங்கள். புது மாடல்களில் வாட்டர் வாஷும் ஆயில் சேஞ்சும் செய்து பழகிய பையனுக்கு உங்கள் எஞ்சினே புதிதாக இருக்கலாம். ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. செவர்லே அதற்கு முன்பே, 2017-இல், விற்பனையை முடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட கம்பெனிகளின் வண்டிகளில் கை தேர்ந்த ஆட்கள் பலர் வெளியே வந்து சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறார்கள். பழைய வண்டிக்கு நான் முதலில் தேடுவது அந்த மாதிரி ஆளைத்தான். எனக்கும் கடைசியில் அப்படி ஒருவர்தான் கிடைத்தார்: தகரக் கூரை, தரையில் எண்ணெய்க் கறை, ஆனால் மேசை டிராயரில் டைமிங் பின்கள் துணியில் சுற்றி வரிசையாக.

விலையை ஒப்பிடும்போது இன்னொரு சறுக்கல். ஒருவர் ஐயாயிரம் குறைத்துச் சொன்னால், எதையெல்லாம் மாற்றப்போகிறார் என்று கேட்காமலே சந்தோஷப்படுகிறோம். பெல்ட் மட்டுமா, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அது உருண்டு ஓடும் ஐட்லரும் சேர்த்தா? ஃபிகோ டீசலிலும் டஸ்டர் டீசலிலும் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பெல்ட்டைப் புதிதாகப் போட்டு, பழைய பம்பை விட்டுவைத்தால், நாளைக்கு அதன் பேரிங் இறுகும்போது புதுப் பெல்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். அதற்கு மறுபடி எஞ்சின் மவுண்டிங் வரை கழற்ற வேண்டும். லேபர் இரண்டாம் முறை. கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு இருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. எண்ணெய் பட்ட பெல்ட் சீக்கிரம் ஊறிக் கெட்டுவிடும்.

ஸ்பேரை நாமே வாங்கிக் கொடுப்பது மிச்சம் மாதிரித் தெரியும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைந்து, ஆன்லைனிலும் பார்த்து, ஆயிரம் ரூபாய் குறைத்து வாங்கிவிடுவோம். நாளைக்கு ஏதாவது ஆனால் மெக்கானிக் "நீங்க கொடுத்த சாமான்" என்பார், கடைக்காரர் "மாட்டின விதம் சரியில்ல" என்பார். நடுவில் நாம். இந்த ஒரு வேலையில் சாமானும் லேபரும் ஒரே பில்லில் வருவதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. மற்றபடி பெட்டியைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், போதும். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றி விற்கும் டென்ஷனரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீடியோ பார்த்து நாமே செய்துவிடலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனர், டைமிங் பின், எஞ்சினைத் தாங்க ஜாக், இத்தனையும் ஒரே ஒரு முறைக்காக வாங்க வேண்டும். முதல் பெல்ட்டை டீசல் வண்டியில் பழக வேண்டாம்.

யார் செய்தாலும், முடியும் தறுவாயில் கூடவே நில்லுங்கள். பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இறுக்கி, பின்களை உருவிய பிறகு, நல்ல மெக்கானிக் சாவியைத் தொட மாட்டார். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே, கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுவார். கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும். உருவிய டைமிங் பின் மறுபடி ஓட்டையில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்காவது தட்டினால் கையிலேயே தெரியும், வால்வுக்குச் சேதம் இருக்காது. என் வண்டியில் முதல் முறை பின் அரை மில்லிமீட்டர் இடித்தது. அவர் ஒன்றும் பேசாமல் டென்ஷனரைத் தளர்த்தி மறுபடி ஆரம்பித்தார். இன்னும் முக்கால் மணி நேரம். இரண்டாம் முறை பின் தானாக இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பெல்ட்டை மாட்டியதும் நேராக ஸ்டார்ட் அடிக்கிறவரைப் பார்த்தால் அடுத்த முறை வேறு ஆளைத் தேடுங்கள்.

பில்லில் "டைமிங் பெல்ட் கிட், வாட்டர் பம்ப்" என்று பேரோடும் கிலோமீட்டரோடும் எழுதி வாங்குங்கள். பழைய பெல்ட்டையும் கையோடு கேட்டு வாங்குங்கள். சபரிமலைக்கோ பொங்கலுக்கு ஊருக்கோ கிளம்புகிற முதல் நாள் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்தினால் அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். இரண்டு வாரம் முன்பே செய்து, உள்ளூரில் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஒருவேளை நீங்கள் முந்துவதற்குள் பெல்ட் முந்திக்கொண்டு வழியில் எஞ்சின் சட்டென்று நின்றால், கூட்டம் கூடி "இன்னொரு செல்ஃப் அடிச்சுப் பாருங்க" என்று சொல்லும். அடிக்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் விடாதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு ஓரம் கட்டி, டோ வண்டிக்கு ஃபோன் செய்யுங்கள். அது பக்கத்துப் பட்டறைக்குப் போகாமல், நீங்கள் முன்பே விசாரித்து வைத்திருக்கும் ஆளிடமே போகட்டும்.