முதலாம் ஹென்றியோட குடும்ப மரம் வரையணுமா, கப்பல்ல இருந்து ஆரம்பிங்க

மண்டபம், பாம்பன் பக்கம் வரலாறு எடுத்துப் படிக்கிற பிள்ளைங்களுக்கு இங்கிலாந்த ஆண்ட நார்மன் ராஜாக்கள் பாடம் வந்தாலே தலை சுத்திரும். நாம எல்லாரும் மேல இருந்து கீழ வரையத்தான் சொல்லிக்குடுக்குறோம், அதுல பேரு மனப்பாடம் ஆகுமே தவிர யாரு யார்கூட எதுக்கு அடிச்சுக்கிட்டாங்கன்னு விளங்காது. இங்கிலாந்து ராஜா முதலாம் ஹென்றி குடும்பத்துக்கு அந்த வழி சரிப்படாது. 1120 நவம்பர் 25 ராத்திரியில இருந்து வரையணும்.

பெரிய சார்ட் பேப்பர் எடுத்து நடுவுல ஒரு கப்பல் போடுங்க, அதுதான் வெள்ளைக் கப்பல். இப்ப பிரான்ஸ்ல இருக்குற நார்மண்டியில பார்ஃபிளூர் துறைமுகத்துல இருந்து இங்கிலாந்துக்குப் போகணும், ராஜா ஹென்றி வேற கப்பல்ல முன்னாடியே கிளம்பிட்டாரு, இதுல அவரோட மகன் வில்லியம் அடெலின், 17 வயசு, முறைப்படி பிறந்த ஒரே ஆம்பளப் பிள்ளை, கூட சுமார் 300 பேரு. எல்லாருக்கும் சாராயம் ஊத்தியாச்சு, துடுப்பு போடுறவங்களுக்கும் சேர்த்து. ராஜா கப்பல முந்திரணும்னு இருட்டுல வேகமா இழுத்ததுல தண்ணிக்கு அடியில இருந்த பாறையில மோதிருச்சு. நம்ம பிள்ளைங்களுக்கு இத விளக்கவே வேண்டாம், பாறை எங்க கிடக்கு, நீவாடு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாக்காம ராத்திரி வள்ளம் எடுத்தா என்னாகும்னு வீட்டுலயே கேட்டு வளந்ததுங்க.

இந்த இடத்த மட்டும் அவசரப்படாம சொல்லுங்க. வில்லியம சின்னப் படகுல ஏத்தி விட்டுட்டாங்க, தப்பிச்சுப் போயிருக்கலாம். கப்பல்ல இருந்து அக்கா கத்துறது கேட்டு படக திருப்பச் சொன்னான்னு அந்தக் காலத்து வரலாறு எழுதுனவங்க சொல்றாங்க, பக்கத்துல போனதும் தண்ணியில கிடந்தவங்க எல்லாம் படகுல தொத்த, படகு கவுந்து அவனும் போயிட்டான். பிழைச்சது ரூவான் ஊரு கசாப்புக்காரர் ஒருத்தர்தான். சேதிய ராஜாகிட்ட சொல்ல பெரியவங்க யாருக்கும் தைரியம் வரல, ஒரு சின்னப் பையன அனுப்பித்தான் சொல்ல வச்சாங்க, கேட்ட ராஜா அப்படியே சாஞ்சு விழுந்துட்டாரு. பதினேழு வயசுப் பையன் அக்காவுக்காக திரும்புனது எத்தனை தடவ சொன்னாலும் எனக்கு நெஞ்ச அடைக்கும், பிள்ளைங்களும் அத மறக்கவே மறக்காதுங்க.

அடுத்து, கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி இறங்கிட்ட ஒருத்தர சிவப்பு கலர்ல கரையில எழுதுங்க: ஸ்டீஃபன். ராஜாவோட அக்கா அடெலா மகன். வயித்துப்போக்குன்னு இறங்குனாருன்னு ஒரு குறிப்பு இருக்கு.

இப்ப மேல போங்க, இது சீக்கிரம் முடியும். ஹென்றியோட அப்பா வெற்றிவீரர் வில்லியம், 1087ல செத்தப்ப மூத்தவர் ராபர்ட்டுக்கு நார்மண்டி, அடுத்தவர் ரூஃபஸுக்கு இங்கிலாந்து, கடைக்குட்டி ஹென்றிக்கு நிலம் கிடையாது, வெள்ளிப்பணம் மட்டும். 1100 ஆகஸ்ட் 2 ரூஃபஸ் வேட்டையில அம்பு பட்டுச் செத்தாரு, மூணே நாள்ல ஹென்றி முடிசூடிட்டாரு. 1106ல டின்ஷ்பிரே சண்டையில அண்ணன் ராபர்ட்ட பிடிச்சு 1134ல அவர் சாகுற வரைக்கும் சிறையிலயே வச்சிருந்தாரு.

பேரு குழப்பத்துக்கு ஒரு வழி சொல்றேன். நமக்கு வேண்டிய ஆளுங்கள்லயே அஞ்சு மட்டில்டா. நம்ம கடற்கரைத் தெருவுல ஒரே பேருல நாலு பேரு இருந்தா பட்டப்பேரு வச்சுத்தானே கூப்பிடுறோம், அதே மாதிரி ஹென்றியோட அம்மா ஃபிளாண்டர்ஸ் மட்டில்டா, பொண்டாட்டி ஸ்காட்லாந்து மட்டில்டா, மகள் பேரரசி மட்டில்டா (ஜெர்மன் பேரரசர கட்டுனவங்க), கப்பல்ல கத்துன வில்லியமோட அக்கா பெர்ஷ் மட்டில்டா, ஸ்டீஃபன் பொண்டாட்டி பூலோன் மட்டில்டான்னு எழுதுங்க. வெறும் மட்டில்டான்னு எங்கயும் எழுத விடாதீங்க.

கடைசியா கீழ. மகன் போனப்புறம் ஹென்றி 1121ல அடெலைசாவ கட்டுனாரு, பிள்ளை இல்ல. அதனால பேரரசி மட்டில்டாதான் வாரிசுன்னு பிரபுக்கள்கிட்ட சத்தியம் வாங்குனாரு, ஸ்டீஃபனும் சத்தியம் பண்ணுனாரு. 1135 டிசம்பர் 1 ஹென்றி செத்தாரு, அதே மாசம் 22ம் தேதி ஸ்டீஃபன் முடிசூடிட்டாரு! கரையில எழுதுன சிவப்புப் பேருல இருந்து ஒரு அம்பு போட்டு அரியணைக்கு இழுங்க, அங்கதான் பிள்ளைங்க கண்ணு விரியும். பேரரசி மட்டில்டா விடல, அவங்களுக்கும் ஸ்டீஃபனுக்கும் சண்டை. 1141ல லிங்கன் சண்டையில ஸ்டீஃபன் பிடிபட்டாரு, பூலோன் மட்டில்டா படையோட நின்னு பேரரசி பக்கத்துத் தளபதி குளோஸ்டர் ராபர்ட்ட பிடிச்சு, அவர குடுத்து புருஷன மீட்டுட்டாங்க. கடைசியில 1154ல பேரரசியோட மகன் ரெண்டாம் ஹென்றி ராஜாவானாரு.

அந்தத் தளபதி குளோஸ்டர் ராபர்ட்டும் முதலாம் ஹென்றி மகன்தான், கல்யாணத்துக்கு வெளிய பிறந்தவர், அப்படிப் பிறந்த பிள்ளைங்க 20க்கு மேல, அவங்கள புள்ளிக்கோட்டுல போடுங்க. திறமையான ராபர்ட் இருக்கும்போது ஏன் அவர ராஜாவாக்கலன்னு எந்தப் பிள்ளையாவது கட்டாயம் கேக்கும். வெற்றிவீரர் வில்லியமும் அப்படிப் பிறந்தவர்தான், ஆனா ரெண்டு தலைமுறைக்குள்ள திருச்சபையோட கல்யாண விதி இறுகிப்போச்சு, தாத்தாவுக்குத் திறந்த கதவு பேரனுக்குத் திறக்கல.