டிஸ்க் இல்லாத கணினியை நெட்வொர்க்கில் பூட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது கணினிகளின் ஹார்ட் டிஸ்க்குகளையும் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே லினக்ஸ் சர்வரிலிருந்து பூட் செய்ய வைப்பது கல்லூரி லேபுகளுக்கு அருமையான ஏற்பாடு. சர்வரில் ஒருமுறை மென்பொருளை ஏற்றினால், அடுத்த பூட்டில் எல்லா மேசையிலும் அது இருக்கும். ஆனால் முதன்முறை அமைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: "திரையில் ஐபி முகவரி வந்துவிட்டதே, அப்புறம் ஏன் நெட்வொர்க் இல்லை என்கிறது?"

நானும் ஒரு லேபில் இப்படி ஒரு மாலை முழுக்கக் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். கேபிளில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: கணினி ஒரே பூட்டில் மூன்று முறை முகவரி கேட்கிறது. முதலில் நெட்வொர்க் கார்டில் உள்ள பிஎக்ஸ்இ என்ற நெட்வொர்க் பூட் நிரல் கேட்கிறது. அது இறக்கிக் கொடுக்கும் ஐபிஎக்ஸ்இ போன்ற பூட்லோடர் (இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கும் நிரல்) மறுபடி கேட்கிறது. கடைசியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்து, தன் சொந்த ட்ரைவரை ஏற்றிக்கொண்டு, முதலிலிருந்து கேட்கிறது. முன்னால் போனவர் வாங்கிய முகவரி வழக்கமாக அடுத்தவருக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் பிஎக்ஸ்இ கட்டம் தாண்டியதை வைத்து நெட்வொர்க் சரி என்று முடிவு செய்யாதீர்கள். நெட்வொர்க்கில் போய்வரும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்பைச் சர்வரில் ஓடவிட்டு, முகவரி கேட்கும் 67, 68, பூட் கோப்பு கேட்கும் 69 ஆகிய போர்ட்டுகளைக் கவனியுங்கள். யார் கேட்டார், யார் பதில் சொன்னார், எத்தனையாவது முறை நின்றது என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே ரவுட்டர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னொரு டிஹெச்சிபி (முகவரி வழங்கும்) சர்வரை முழுதாக இயக்குவது முதல் தவறு. எந்தப் பதில் முந்துகிறதோ அதைப் பொறுத்து ஒரே கணினி காலையில் பூட் ஆகும், மாலையில் ஆகாது. பிஎக்ஸ்இ-இ53 என்ற பிழை வந்தால், முகவரி கிடைத்துவிட்டது, பூட் கோப்பின் பெயர்தான் கிடைக்கவில்லை என்று பொருள். டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஹெச்சிபி மென்பொருளை ப்ராக்ஸி முறையில் வைத்தால் முகவரி கொடுக்கும் வேலை ரவுட்டரிடமே இருக்கும், பூட் தகவலை மட்டும் உங்கள் சர்வர் கொடுக்கும்.

கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸாக இருந்தாலும் புதிய யூஇஎஃப்ஐயாக இருந்தாலும் ஒரே பூட் கோப்பைக் கொடுக்கக் கூடாது. கணினி தன் வகையை டிஹெச்சிபி கேள்வியிலேயே 93ஆம் ஆப்ஷன் என்ற கூடுதல் தகவலில் சொல்லிவிடுகிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் பொதுவாக 64 பிட் யூஇஎஃப்ஐ, சில கணினிகள் 9 என்றும் அனுப்பும். அதைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பமில்லாத கோப்பைக் கணினி ஏற்காது.

ஐபிஎக்ஸ்இ ஓடி, மறுபடியும் ஐபிஎக்ஸ்இயையே இறக்கி, அதே வரவேற்பு வரி திரும்பத் திரும்ப வருகிறதா? இரண்டாவது முறை கேட்டவருக்கும் முதல் பதிலையே சர்வர் கொடுக்கிறது. ஐபிஎக்ஸ்இ தன் பெயரை யூசர் கிளாஸ் ஆப்ஷனில் சொல்லித்தான் கேட்கும். அந்தப் பெயர் வந்தால் மெனு கோப்பைக் கொடு என்று ஒரு விதி எழுதினால் சுழற்சி நின்றுவிடும்.

ஸ்விட்ச்சை யாரும் சந்தேகிப்பதில்லை. இணைப்புகள் வளையமாகிவிடாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ இயங்கும் ஸ்விட்ச்சில், போர்ட் உயிர்பெற்ற பிறகு வழக்கமான அமைப்பில் 30 விநாடி எந்தத் தரவையும் கடத்தாது. பிஎக்ஸ்இ அதற்குள் கைவிட்டுவிடலாம். கார்டின் பச்சை விளக்கைப் பாருங்கள்: கெர்னல் ட்ரைவரை ஏற்றும் நொடியில் பல கார்டுகளில் அது ஒருமுறை அணைந்து எரியும். அப்போது ஸ்விட்ச் அந்த 30 விநாடியை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. கணினிகள் செருகியிருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைக் கொடுங்கள்.

பெரிய கோப்புகளை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையில் அனுப்பாதீர்கள். அதன் அடிப்படை முறையில் ஒரு பொட்டலம் 512 பைட், ஒவ்வொன்றுக்கும் பதில் வந்த பிறகே அடுத்தது போகும். 60 எம்பி கோப்பு என்றால் 1,20,000க்கும் மேற்பட்ட பொட்டலங்கள். ஐபிஎக்ஸ்இயை மட்டும் டிஎஃப்டிபியில் இறக்கி, கெர்னலையும், தொடக்கத்தில் அதற்குத் தேவையான ட்ரைவர்கள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் ஹெச்டிடிபி வழியாகக் கொடுங்கள்.

அன்றைக்கு என் மாலையைத் தின்றது அந்த இனிட்ராம்எஃப்எஸ்தான். அதைச் சர்வரிலேயே உருவாக்கியிருந்தேன். டெபியன், உபுண்டுவில் மாட்யூல்ஸ் அமைப்பு 'டெப்' என்று இருந்தால், உருவாக்கும் கணினிக்குத் தேவையான ட்ரைவர்கள் மட்டுமே உள்ளே போகும். சர்வரில் இன்டெல் கார்டு, மேசைகளில் ரியல்டெக். கார்டின் ரோம் சிப்பில் இருந்த சொந்த ட்ரைவரால் பிஎக்ஸ்இ ஓடியது, கெர்னலுக்கு அந்தக் கார்டே கண்ணில் படவில்லை. 'மோஸ்ட்' என்று மாற்றி மறுபடி உருவாக்கியதும் முப்பதும் எழுந்தன.

எழுந்த பிறகும் கவனம் வேண்டும். கணினியின் எல்லாக் கோப்புகளும் அடங்கிய ரூட் கோப்பகம் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வழியாக வரும்போது, நெட்வொர்க் மேனேஜர் அதே கார்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து இணைப்பைத் துண்டித்துத் தொடங்கினால் கணினி அப்படியே உறைந்துபோகும். அந்தக் கார்டைத் தொடாதே என்று அதற்குச் சொல்லிவையுங்கள். முப்பது கணினிகளும் ஒரே ரூட்டில் எழுதவும் கூடாது. படிக்க மட்டும் அனுமதித்து, மேலே நினைவகத்தில், மாற்றங்களைத் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளும் ஓவர்லே அடுக்கைப் போடுங்கள். அப்போது அந்தப் பொது ரூட்டில் கணினியின் அடையாள எண்ணை வைத்திருக்கும் மெஷின் ஐடி கோப்பையும் காலி செய்துவிடுங்கள். முப்பதுக்கும் ஒரே ஐடி இருந்தால், நெட்வொர்க்கை அமைக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி அதை வைத்து முகவரி கேட்கும்போது டிஹெச்சிபி சர்வர் எல்லாரையும் ஒரே ஆளாக நினைத்து ஒரே முகவரியைக் கொடுத்துவிடும். கோப்பு காலியாக இருந்தால் ஒவ்வொரு கணினியும் பூட் ஆகும்போது தனக்கென ஒரு ஐடியை உருவாக்கிக்கொள்ளும்.