வெயில் ஏறினால் தரையும் நீளும்: வினைல் பலகை, டைல்ஸ் போடும் முன் செய்ய வேண்டியவை

போன கத்திரி வெயிலில் ஸ்ரீரங்கத்து அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து போன் வந்தது. "மேஸ்திரி, ஹால் நடுவுல பலகை தூக்கிக்கிட்டு நிக்குது. பாப்பா கால் தடுக்கி விழுந்துட்டா" என்றார் அந்த அம்மா. நான் போட்ட தரைதான். டிசம்பரில், மழை விட்டு விட்டுப் பெய்த வாரத்தில் போட்டது.

மேற்குப் பார்த்த பால்கனி, ஆள் உயரக் கண்ணாடிக் கதவு, திரைச்சீலை கிடையாது. பிற்பகல் மூன்று மணி. லேசர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். சோபாவுக்கு அடியில் 34 டிகிரி, கண்ணாடி ஓரம் வெயில் விழுந்த இடத்தில் 48. இரண்டு பலகை சேரும் இடம் கூரை முகடு மாதிரி எழும்பி நின்றது. சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் சட்டத்தைக் கழற்றினேன். பலகை விரிய நான் விட்டிருந்த 8 மில்லிமீட்டர் இடைவெளி முழுக்கச் சுவர்ப் பட்டி (புட்டி). பெயிண்ட் வேலை செய்தவர்கள் சுவரில் இழுத்த பட்டி கீழே வழிந்து கல்லாக இறுகியிருந்தது. எதிர்ச் சுவரிலும் அப்படியே. ஸ்கர்ட்டிங் அடிக்கும் முன் நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒரு வீட்டிலும் பார்க்காமல் அடிப்பதில்லை.

லால்குடிப் பக்கம் என் தாத்தா ஊரில், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரும்பு வளையத்தை வறட்டி நெருப்பில் காய்ச்சினால்தான் சக்கரத்தின் மேல் ஏறும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். சூட்டுக்கு இரும்பு விரிவதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு விரியும், வினைல் பலகையின் மூலப்பொருளான சுத்தமான பிவிசி பிளாஸ்டிக். 20 அடி ஹாலில் 20 டிகிரி சூடு ஏறினால் 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீளும். இப்போது கடைகளில் அதிகம் விற்கும் எஸ்பிசி என்ற வகை வினைல் பலகையில் சுண்ணாம்புக்கல் தூள் நிறைய கலந்திருப்பதால் அவ்வளவு விரியாது. ஆனால் விரியவே விரியாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, எப்படிப் போடுவது? பலகைப் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கியதும் போர்டிகோவில் அடுக்காதீர்கள். போடப்போகும் அறைக்குள்ளேயே, படுக்க வைத்து, 48 மணி நேரம் விடுங்கள். வெயிலில் காய்ந்த பலகையை உடனே போட்டால், ராத்திரி ஏசி ஓடியதும் சுருங்கி மூட்டுகள் வாய் திறக்கும். குளிர்ந்த பலகையைப் போட்டால் கோடையில் முட்டும். பெரும்பாலான பெட்டிகளில் எத்தனை டிகிரிக்குள் போட வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அதைப் படியுங்கள். நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் ஏசி உள்ள அறை என்றால் அதை ஓடவிட்டுப் போடுவேன். இல்லையென்றால் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவேன்.

குளிர் பக்கமும் ஒரு தொல்லை உண்டு. ஜனவரியில் கொடைக்கானலில் ஒரு வீட்டில், விடியற்காலையில் பெட்டியைப் பிரித்துச் சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது பலகையிலேயே லாக்கின், அதாவது பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் விளிம்பின், நாக்கு முறுக்கு மாதிரி உடைந்தது. குளிரில் வினைல் வெடவெடப்பாகிவிடும். ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்கி, மறுநாள்தான் வேலையைத் தொடர்ந்தோம்.

சுவரைச் சுற்றிலும், தூண், கதவு நிலை, குழாய் எல்லாவற்றைச் சுற்றியும் 8 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மரக் கட்டையை அந்தக் கனத்துக்குச் சீவி ஆப்பாக வைத்துக்கொண்டால் கை தவறாது. முடிந்ததும் மறக்காமல் உருவிவிடுங்கள். ஸ்கர்ட்டிங்கைச் சுவரோடு அடிக்க வேண்டும், பலகையோடு அல்ல. அறைக்கு அறை நிலைப்படியில் தரையை வெட்டி, டி வடிவச் சட்டம் வைத்து மூடுங்கள். வீடு முழுக்க ஒரே விரிப்பாக ஓட்டினால் பார்க்க அழகுதான். மே மாதத்தில் எந்த மூலையில் தூக்கும் என்று சொல்ல முடியாது. சமையலறை கேபினெட்டை லாக் போட்ட தரை மேல் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் கேபினெட், மறுபக்கம் புத்தகம் நிறைந்த அலமாரி என்று இரு முனையும் அழுத்தினால் தரை நடுவில்தான் எழும்பும்.

பசை தடவி ஒட்டும் மெல்லிய வினைலில் கதை வேறு. கடும் சூட்டில் பசை இளகி, பலகை இடம் நகர்ந்து, மூட்டில் கறுப்புக் கோடு தெரியும். கண்ணாடிக் கதவை ஒட்டிய முதல் நான்கு அடிக்கு அதை நான் போடவே மாட்டேன். எந்த வினைலாக இருந்தாலும் மேற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுங்கள். வெளிர் நிறப் பலகை எடுங்கள், அடர் நிறம் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

டைல்ஸ் இவ்வளவு நீளாது. அதே 20 அடிக்கு, அதே 20 டிகிரிக்கு, ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதனால்தான் பலர் டைல்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கும் ஸ்பேசர் வைக்காமல், ஜாயிண்ட் தெரியக் கூடாது என்று ஒட்ட ஒட்ட வைத்துவிடுகிறார்கள். கோளாறு வருவது கீழே இருக்கும் கான்கிரீட்டால். அது வருடக்கணக்கில் உலர்ந்து சுருங்குகிறது. குளிர்ந்தால் டைல்ஸைவிட அதிகம் சுருங்குகிறது. மேலே இருக்கும் டைல்ஸ் நெருக்கப்பட்டு, போக இடமில்லாமல் ஒரு நாள் பட்டாசு மாதிரி வெடித்து எழும்பும். கோடை மழை கொட்டித் திடீரென்று குளிர்ந்த ராத்திரிகளில்தான் எனக்கு இந்த போன்கள் வருகின்றன. சிங்கப்பூரிலும் 2018 ஜனவரியில் குளிர் வாட்டிய நாட்களில் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தரை டைல்ஸ் இப்படித்தான் எழும்பின.

ஆகவே 2 மில்லிமீட்டர் ஸ்பேசராவது வையுங்கள். சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே 6 மில்லிமீட்டர் காலியாக விடுங்கள், சிமெண்ட் போட்டு அடைக்காதீர்கள். பெரிய ஹாலில் 20 முதல் 25 அடிக்கு ஒரு ஜாயிண்டை, வழக்கமாக இடுக்கில் பூசும் கிரௌட்டுக்குப் பதில் சிலிக்கான் போட்டு நிரப்புங்கள். மொட்டை மாடியில் வெயில் நேராக விழுவதால் 8 முதல் 12 அடிக்கு ஒன்று வேண்டும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அதனால் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. பல் கரண்டியால் டைல் பசையை முழுப்பரப்பிலும் இழுத்து ஒட்டுங்கள். ஐந்து உருண்டை வைத்து அமுக்குவது வேண்டாம். மறுவாரம் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். 'டொக்' என்று பானை மாதிரிக் கேட்டால் அடியில் பசை இல்லை.

டைல்ஸ் எழும்பிவிட்டால் முதலில் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், உடைந்த ஓரம் கத்தி மாதிரி வெட்டும். எழும்பியதை மிதித்து அமுக்காமல், அந்த வரிசையை எடுத்துவிட்டு, சுவரோரத்தைத் திறந்த பிறகு புதிதாக ஒட்டுங்கள்.

வினைல் தூக்கினாலும் மேலே கல்லை வைத்து அமுக்காதீர்கள், லாக் கிழியும். ஸ்ரீரங்கத்து வீட்டில் இரண்டு சுவரோரமும் பட்டியைச் செதுக்கி எடுத்தேன். பலகை சுவரை முட்டிய ஓர் இடத்தில் மல்டி கட்டரால் 8 மில்லிமீட்டர் அறுத்தேன். சாயங்காலம் வெயில் இறங்க இறங்க முகடு தணிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோது தரை சமமாகப் படுத்திருந்தது. நடுவில் இரண்டு பலகைக்கு மட்டும் லாக் பிய்ந்திருந்தது. மிச்சப் பெட்டி ஒன்றைப் பரணில் வைக்கச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து எடுத்து மாற்றிவிட்டு, டார்ச் அடித்து இடைவெளியைச் சுற்றிலும் பார்த்த பிறகுதான் ஸ்கர்ட்டிங்கை அடித்தேன்.