கேவி-1 டாங்கி: எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரின் சோவியத் கனரக டாங்கியான கேவி-1 பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் சறுக்குவது படத்தில்தான். அலமாரியைத் தூக்கித் தலையில் வைத்ததுபோல உயரமான சுழல்கூண்டுடன் நிற்பது கேவி-1 அல்ல, 152 மி.மீ. ஹாவிட்சர் வகைப் பீரங்கி சுமந்த கேவி-2. இரண்டும் லெனின்கிராடின் கீரொவ் ஆலையில் உருவானவை. அடிப்பகுதியும் ஒன்று, சோவியத் மார்ஷல் கிளிமென்ட் வொரொஷிலோவிடமிருந்து வந்த பெயரும் ஒன்று. குழப்பம் வருவதில் வியப்பில்லை.

கனரக டாங்கி என்றால் பீரங்கியும் பெரிதாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது அடுத்த தவறு. 1941 கோடையில், சுமார் 26 டன் எடையுள்ள சோவியத் நடுத்தர டாங்கி டி-34இன் எஃப்-34 பீரங்கி, 45 டன்னைத் தாண்டிய கேவி-1 சுமந்த எஃப்-32 பீரங்கியைவிட நீளமானது. துளைக்கும் வலிமையும் கூடியது. குண்டின் விட்டம் இரண்டிலும் அதே 76 மி.மீ. அண்ணனைவிடத் தம்பிக்குக் கை நீளம். கேவி-1க்கு ஸிஸ்-5 பீரங்கி வந்த பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டுவது வேறு. 75 மி.மீ. கவசத்தை மட்டும் காட்டி, "வெல்ல முடியாத டாங்கி" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஜெர்மானியரின் 37 மி.மீ. குண்டுகள் அதன்மேல் பட்டுத் தெறித்தது உண்மைதான். ஆனால் கேவியை வழியில் நிறுத்த எதிரியே தேவையில்லை, அதன் கியர் பெட்டியே போதும். கியர் மாற்றுவதற்குள் ஓட்டுநருக்குக் கை ஓய்ந்துவிடும். பல நேரம் வண்டியை நிறுத்தித்தான் மாற்ற முடிந்தது. 1942இல் அமெரிக்காவின் அபர்டீன் ராணுவச் சோதனைத் தளத்தில் ஒரு கேவியைச் சோதித்தவர்களும் இந்தப் பகுதியைத்தான் குறை சொன்னார்கள். கிராமத்துப் பாலங்களும் அந்த எடையைத் தாங்கவில்லை. 1941இல் பழுதாகியும் எரிபொருள் தீர்ந்தும் வீரர்களே கைவிட்ட கேவிகள் ஏராளம். அவற்றையெல்லாம் ஜெர்மன் பீரங்கிகளின் கணக்கில் எழுதாதீர்கள்.

1942இல் வந்த கேவி-1எஸ் இதற்கான பதில். சில இடங்களில் கவசத்தை மெலிதாக்கி, எடையைச் சுமார் 42.5 டன்னுக்கு இறக்கி, கியர் பெட்டியையும் புதிதாக அமைத்தார்கள். அதாவது, கவசத்தைக் குறைத்துத்தான் அந்த டாங்கியை மேம்படுத்தினார்கள்! முந்தைய வண்டியின் கவச அளவை இதற்கும் அப்படியே எழுதுவது தவறு.

கடைசியாக, இரண்டு கதைகளை ஒன்றாக்கிவிடும் பிழை. 1941 ஜூனில் லித்துவேனியாவின் ரசேனியாய் அருகே தனியாக நின்று ஜெர்மானியரின் வழியை மறித்த கேவி வேறு. அதைச் சிறிய டாங்கிகளால் திசைதிருப்பி, 88 மி.மீ. பீரங்கியால் அடிக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 20 அன்று லெனின்கிராட் அருகே வொய்ஸ்கொவித்ஸியில் சோவியத் அதிகாரி ஸினோவி கொலொபானொவ் தலைமையேற்ற கேவி-1 வேறு. இவர் வீழ்த்தியதாகப் பதிவானவை 22 டாங்கிகள். இங்கும் பெருமையைக் கவசத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். வண்டியைக் குழி தோண்டி மறைத்து நிறுத்தியதையும், இருபுறமும் சதுப்பு நிலம் இருந்த சாலையைத் தேர்ந்தெடுத்ததையும் யாரும் சொல்வதில்லை. அவருக்கு "சோவியத் யூனியனின் வீரர்" பட்டம் கிடைத்ததாகவும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சண்டைக்காக அவர் பெற்றது செங்கொடி விருது மட்டும்தான்.