ஏடிவி வாங்கப் போறீங்களா? சிசி-ய கடைசியா பாருங்க

ஏடிவி, அதாவது மண்ணு, சேறு, மணல்னு ரோடு இல்லாத எடத்துல ஓட்டுற நாலு சக்கர வண்டி, வாங்கணும்னு நெனைக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தன சிசி, எவ்ளோ ஸ்பீடு போகும்னு தான். வண்டி எந்த வேலைக்கு, யார் ஓட்டப் போறாங்க, இந்த ரெண்டுக்கும் முதல்ல பதில் சொல்லுங்க, பாதி முடிவு அங்கயே ஆயிடும்.

சுமை ஏத்தணும், ட்ரெய்லர் இழுக்கணும், சேறு கல்லுன்னு பாக்காம போகணும்னா யுடிலிட்டி வகை. ஹோண்டா ரேன்ச்சர், போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன்லாம் இது தான். முன்னாடி பின்னாடி ரேக் இருக்கும், நெறைய மாடல்ல ஃபோர் வீல் டிரைவும் இருக்கும். என்னைக் கேட்டா முக்காவாசி பேருக்கு 400லேருந்து 570 சிசிக்குள்ள ஒரு யுடிலிட்டி வண்டி தாராளமா போதும்.

யமஹா ராப்டர் 700 மாதிரி ஸ்போர்ட் வகை வேற ரகம், எடை கம்மி, பின் சக்கரத்துக்கு மட்டும் தான் பவர், கிளட்ச் கியர் எல்லாம் நாமளே போடணும், மணல் மேட்டுலயும் ட்ராக்லயும் பறக்கும் ஆனா மூட்டைய கட்டி எடுத்துட்டுப் போக நெனைக்காதீங்க. பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு கூட்டிட்டுப் போகணும்னா ஸ்டியரிங், சீட் பெல்ட், ரோல் கேஜ் (கவுந்தா ஆள காப்பாத்துற கம்பிக் கூண்டு) இருக்குற சைட் பை சைடு வண்டி பாருங்க. சாதாரண ஏடிவி ஒரு ஆளுக்கு மட்டும் தான், சீட்டு நீளமா இருக்கறது ஓட்டுறவர் உடம்ப முன்ன பின்ன நகத்தி பேலன்ஸ் பண்றதுக்கு, ரெண்டு பேர் உக்கார இல்ல.

குழந்தைங்களுக்கு வாங்குறவங்க தயவுசெஞ்சு இத கவனமா படிங்க. பெரிய வண்டிய வாங்கி ஸ்பீட மட்டும் கொறச்சுக் குடுக்கலாம்னு நெனைக்கவே வேணாம், 250 கிலோவுக்கு மேல இருக்குற வண்டி சாஞ்சா அந்தப் புள்ளையால என்ன பண்ண முடியும். 50லேருந்து 110 சிசி வரைக்கும் அவங்களுக்குன்னே வண்டி இருக்கு, மேல எந்த வயசுக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அத அப்படியே மதிங்க. த்ராட்டில் (கட்டவிரலால அமுக்குற ஆக்சிலரேட்டர்) பக்கத்துல சின்னதா ஒரு ஸ்க்ரூ இருக்கும், அத உள்ள திருகி வச்சா கட்டவிரலால கொஞ்ச தூரத்துக்கு மேல அமுக்க முடியாது.

மூணு சக்கர பழைய வண்டி சல்லிசா கெடச்சாலும் வேணாம். 1970ல ஹோண்டா யுஎஸ்90 அப்படித்தான் வந்துச்சு, ஆனா கவுந்து அடிபடுறது ரொம்ப ஆகி 1980கள் கடைசில அமெரிக்காவுல புதுசு விக்கிறதே நின்னுடுச்சு. எந்த ஏடிவியயும் தார் ரோட்டுல ஓட்டாதீங்க, டயர்ல காத்து கம்மியா 5, 6 பிஎஸ்ஐ தான் இருக்கும், அது மண்ணுக்கு செஞ்சது, திருப்பத்துல வண்டி சட்டுனு தூக்கிடும்.

செகண்ட் ஹேண்ட்னா ஏர் ஃபில்டர் மூடிய கழட்டிப் பாருங்க, உள்ள சேறு காஞ்ச கோடு இருந்தா தண்ணில முங்கின வண்டி. என்ஜின் ஆயில் டீ கலர்ல பால் மாதிரி இருந்தாலும் தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். முன் சக்கரத்த ஜாக்கில தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, கடகடன்னு ஆடுச்சுன்னா பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கும், அந்த செலவ வெலைல கழிச்சுட்டு பேசுங்க.